திறந்து வைத்த லேத்

அந்தப் பள்ளிக்கூடத்தின் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் விசாரிக்க ஒரு குழு வரும். குழு வந்தால் வரவேற்க விழா எடுப்பார்கள். விழா என்றால் பிள்ளைகள் காலையிலிருந்தே வெயிலில் நிற்க வேண்டும். ஆகவே, விஸ்வநத்தம் தாண்டிப் போகிற ரோட்டில், ஒரு பட்டாசுக் கம்பெனிக்கும் ஒரு சுடுகாட்டுக்கும் நடுவில் இருக்கிற அரசு மேல்நிலைப்பள்ளி என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பள்ளிக்குப் புதிதாக ஒரு தொழிற்பிரிவு வந்தது. பெயர் ‘கணினிவழி வரைவியலும் நவீன இயந்திரப் பணியும்’. ஒரு பொருளைக் கம்ப்யூட்டரில் வரைந்து, வரைந்த அளவுப்படி லேத் மெஷினில் இரும்பைச் சுழலவிட்டுக் கடைந்து எடுக்கிற படிப்பு. நல்ல படிப்பு. ஒழுங்காக இரண்டு வருஷம் படித்த பிள்ளை எந்த ஊருக்குப் போனாலும் சோற்றுக்குக் கஷ்டப்படாது. படிப்பின் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. அதைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியவர்கள் மேல்தான்.

முத்துப்பேச்சி தன் மகள் அழகுமீனாவை அந்தப் பிரிவில்தான் சேர்த்தாள். முத்துப்பேச்சிக்குப் பட்டாசுக் கம்பெனியில் வேலை. வாணத்துக்குப் போடுகிற சில்வர் பவுடர் புழங்குகிற கொட்டகை, செட்டு என்பார்கள். எத்தனை சோப்பு போட்டாலும் கை சாம்பல் நிறத்தில்தான் இருக்கும். போன சீசனில் அந்தச் செட்டு வெடித்தபோது முத்துப்பேச்சி தண்ணீர் குடிக்க வெளியே வந்திருந்தாள். கூட வேலை பார்த்த செல்வலட்சுமிக்குத் தாகம் எடுக்கவில்லை. அன்றைக்கே முத்துப்பேச்சி முடிவு செய்துவிட்டாள். எம் மகள் இந்த வாசலில் கால் வைக்கக் கூடாது. அவளுக்கு வேறு ஆசை எதுவும் கிடையாது.

சேர்த்த கையோடு இன்னொன்றும் நடந்தது. பள்ளி மேலாண்மைக் குழுவுக்குத் தலைவர் தேர்ந்தெடுக்க வேண்டும், பெற்றோரில் ஒருவர், அதுவும் தாயாக இருக்க வேண்டும் என்று விதி. கூட்டத்துக்கு வந்த முத்துப்பேச்சி ஃபேனுக்கு நேர் கீழே உட்கார்ந்திருந்தாள். கூட்டம் முடிகிறவரை வாயைத் திறக்கவில்லை. இந்த இரண்டு தகுதிகளையும் தலைமையாசிரியர் சிவபாண்டி கவனித்துக்கொண்டே இருந்தார்.

“இனிமே நீங்கதான் தலைவரம்மா” என்றார்.

“எனக்கு என்ன சார் தெரியும்?”

“அதான் நல்லது. தெரிஞ்சவுக வந்தா கேள்வி கேப்பாக.”

லேத் வந்தது. கோயம்புத்தூரிலிருந்து லாரியில் வந்து இறங்கி, பழைய சத்துணவுக் கூடத்தில் உட்கார்ந்தது. பச்சை பெயின்ட்டும் தடித்த பிளாஸ்டிக் உறையுமாகப் பார்க்கக் கம்பீரமாக இருந்தது. சொல்லிக்கொடுக்க சேசுராஜ் என்று ஒருவரை ஒப்பந்தத்தில் போட்டார்கள். பட்டறைகளில் பல வருஷம் லேத் ஓட்டியவர். வந்த அன்றே ஒரு எண்ணெய்க் குடுவையும் கழிவுத் துணியும் எடுத்துக்கொண்டு உறையைக் கழற்றப் போனார். தலைமையாசிரியர் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

“என்ன காரியம் செய்யுதீக? இன்னும் திறப்பு விழா ஆகலையே!”

“ஓட்டிப் பாத்துக்கிடுறேன் சார். நாளைக்குப் பிள்ளைகளுக்குக் காட்டணும்ல.”

“வட்டார அலுவலர் வந்து உறையை எடுக்கணும். அதுக்கு முன்னாடி நாம தொட்டா அவுகளுக்கு என்ன மரியாதை?”

வட்டார அலுவலர் வந்தார். ரிப்பன் கட்டினார்கள். தட்டில் சிவப்புத் துணி விரித்து, மேலே கத்தரிக்கோலை வைத்து ஏந்தி நிற்க நெடுநெடுவென்று வளர்ந்த ஒரு பெண் வேண்டும் என்று தேடி, அழகுமீனாவைப் பிடித்தார்கள். நீலக் கோட்டு, கண்ணாடி, கையுறை எல்லாம் மாட்டிவிட்டார்கள். அலுவலர் ரிப்பனை வெட்டி, உறையை நீக்கி, லேத்துக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்துவிட்டுப் போனார். முத்துப்பேச்சிக்கு ஒரு பொன்னாடை கிடைத்தது. இப்படி ஒரு துணியை அவள் கல்யாணத்துக்குக்கூட உடுத்தியதில்லை.

மறுநாள் சேசுராஜ் குடுவையோடு வந்தார். லேத்துக்கு மறுபடியும் உறை போட்டிருந்தது.

“மாவட்ட அலுவலர் திறக்கப் போறாகள்ல” என்றார் சிவபாண்டி.

“நேத்துத்தான் திறந்தாச்சே சார்?”

“அது வட்டாரத் திறப்பு. மாவட்டத் திறப்பு இனிமேத்தான். அதுக்கு அப்புறம் மண்டலம், மாநிலம். சின்னவுக திறந்ததைப் பிள்ளைக ஓட்டிட்டா பெரியவுக எதைத் திறப்பாக?”

 சேசுராஜ் கரண்ட்டைப் பற்றிக் கேட்டார். இந்த மெஷினுக்கு மூன்று ஃபேஸ் மின்சாரம் வேண்டும். மின்வாரியத்துக்கு எழுதியிருக்கிறது என்று பதில் வந்தது. அவர் வயரைப் பிடித்துக்கொண்டே போய்ப் பார்த்தார். லேத்திலிருந்து புறப்பட்ட கறுப்பு வயர் சுவரில் ஏறி, ஓட்டை வழியாக வெளியே போய், அங்கே நின்ற வேப்பங்கன்றில் பத்திரமாகக் கட்டப்பட்டிருந்தது. சேசுராஜ் பிள்ளைகளிடம் வேப்பங்கன்றைக் காட்டவில்லை. அவ்வளவு நல்ல மனுஷன்.

“சார், இது எப்ப ஓடும்?” என்று அழகுமீனா கேட்டாள்.

“ஓடும்மா. ஓடாம எங்க போயிரும்?” என்றார் அவர்.

லேத் கதை இப்படி. கம்ப்யூட்டர் கதையைக் கேளுங்கள். கம்ப்யூட்டர்களும் வந்தன. வரைகிற மென்பொருளுக்கு ஒரு வருஷ உரிமம். திறப்பு விழாவுக்குக் காத்திருந்து, பெட்டி பிரிக்காமலேயே அந்த வருஷம் முடிந்துவிட்டது. வேறு பள்ளியாக இருந்தால் கையைப் பிசைந்துகொண்டு நின்றிருப்பார்கள். இது சிவகாசிப் பக்கம். இங்கே அச்சடிக்க முடியாதது என்று ஒன்று உண்டா? தலைமையாசிரியர் தெரிந்த அச்சகத்தில் ஆர்டர் கொடுத்தார். கம்ப்யூட்டர் திரையை நாலு கலரில் படமாக அச்சடித்து, தினசரி காலண்டர் மாதிரி கட்டி, ஆளுக்கொன்று கொடுத்தார்கள். முதல் தாளில் வெறும் திரை. அதைக் கிழித்தால் அடுத்த தாளில் ஒரு கோடு. கிழித்தால் வட்டம். கிழித்துக்கொண்டே போனால் கடைசித் தாளில் முழு வரைபடம். கூடவே அட்டையில் அச்சடித்த கீபோர்டு ஒன்று. பிள்ளைகள் அட்டையில் தட்டுவார்கள், தாளைக் கிழிப்பார்கள்.

ஒரே ஒரு சங்கடம். தப்பாகப் போட்ட கோட்டை நீக்கிப் பழைய நிலைக்குத் திரும்புகிற பாடம் ஒன்று இருந்தது. கிழித்த தாளை எப்படி ஒட்டுவது? அந்தப் பாடத்தை எடுத்துவிட்டார்கள். அச்சகத்தார் வேறு பழக்கதோஷத்தில் தாளுக்கு அடியில் ராகுகாலம், எமகண்டம், நல்ல நேரம் எல்லாம் போட்டுவிட்டார்கள். ஆகையால் வட்டம் வரைய நல்ல நேரம் காலை ஒன்பதே காலிலிருந்து பத்தே கால் வரை. அந்தப் பீரியடு கணக்கு வாத்தியாருடையது. பிள்ளைகள் வட்டம் வரையாமலே பாஸ் ஆனார்கள்.

அழகுமீனா ஒருநாள் காலண்டரை வீட்டுக்குக் கொண்டுவந்தாள். முத்துப்பேச்சி சாம்பல் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கிப் பார்த்தாள்.

“இதான் கம்ப்யூட்டரா, ஆத்தா?”

“ஆமாம்மா.”

“செல்லுல பாக்குறது வேற மாதிரில்ல இருக்கு?”

“இது பாடத்திட்டக் கம்ப்யூட்டரும்மா.”

படித்தவர்கள் செய்தால் சரியாகத்தான் இருக்கும் என்று முத்துப்பேச்சி ஆணியடித்து மாட்டினாள். பல்லி ஒன்று அதன் பின்னால் குடிவந்தது.

மாவட்டத் திறப்புக்கு வந்தவர் மணிமுத்து. ‘திறன் எழுச்சி அலுவலகம்’ என்ற ஒன்றில் மாவட்ட ஒருங்கிணைப்பாளர். வெள்ளைச் சட்டை, பையில் நாலு பேனா. மெஷினை ஓட்டிக் காட்ட வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லி அனுப்பியிருந்தார். கரண்ட் இல்லை. சிவபாண்டி அசரவில்லை. லேத் ஓடுகிற சத்தத்தை ஒரு பட்டறையில் செல்போனில் பிடித்துவரச் சொன்னார். ஒரு சின்ன ஸ்பீக்கரை லேத்தின் வயிற்றுக்குள் ஒளித்துவைத்து, தன் போனோடு இணைத்துக்கொண்டார். அலுவலர் சுவிட்சை அமுக்க வேண்டியது, இவர் பையில் இருக்கிற போனைத் தட்ட வேண்டியது. ஏற்பாடு அவ்வளவுதான்.

மணிமுத்து சுவிட்சை அமுக்கினார். லேத் ஒரு அசைவும் இல்லாமல் பயங்கரமாக இரைந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். திடீரென்று இரைச்சல் நின்று, லேத்துக்குள் டெலிபோன் மணி அடித்தது. சிவபாண்டி பதறிப்போய்ப் பையில் கையைவிட்டு அதை நிறுத்தப் பார்த்து, அழைப்பை எடுத்துத் தொலைத்துவிட்டார்.

“எங்கன இருக்கீக?” என்று லேத் அதட்டியது. “வரும்போது பால் பாக்கெட் வாங்கியாங்க. நேத்தும் மறந்துட்டு வந்து முழிச்சீக. கேக்குதா இல்லையா?”

 மணிமுத்து லேத்துக்குப் பக்கத்தில் குனிந்தார்.

“மெஷின் பேசுதே?”

“செயற்கை நுண்ணறிவுங்கய்யா” என்றார் சிவபாண்டி. அவருக்கு வேர்த்து ஊற்றியது.

மணிமுத்து மைக்கைப் பிடித்தார். “இந்தத் துறையில் நான் இருபது வருடமாக இருக்கிறேன். ஒரு இயந்திரத்தைப் பற்றிக்கூட எனக்கு எதுவும் தெரியாது என்பதைப் பெருமையாகச் சொல்வேன். தெரிந்திருந்தால் ஒரே ஒரு இயந்திரத்தோடு நின்றிருப்பேன். தெரியாததால்தான் மாவட்டம் முழுவதும் திறந்துவைக்க முடிகிறது. இங்கே ஓர் இயந்திரம், வீட்டில் பால் தீர்ந்ததைக்கூடக் கண்டுபிடித்துச் சொல்கிறது. இதைவிட நவீனம் எங்கே இருக்கிறது? இந்தக் குழந்தைகளின் எதிர்காலம் இனி என் கையில் இல்லை. அறிக்கை அனுப்பிவிட்டால் என் கடமை முடிந்தது.”

பலத்த கைதட்டல். மேடையில் உட்கார்ந்திருந்த முத்துப்பேச்சியும் தட்டினாள். எல்லோரும் தட்டும்போது தட்டாமல் இருந்தால் தலைவர் பதவிக்கு அழகா?

திறப்புகள் நிற்கவில்லை. கல்விக் குழு திறந்தது. ஆயுத பூஜைக்குத் திறந்தார்கள், அன்றைக்குப் பாலும் இளநீரும் ஊற்றினார்கள். மண்டலம் வந்து திறந்தது. ஒவ்வொரு தடவையும் அழகுமீனா தட்டு பிடித்தாள். பிறகு லேத்தின் கைச்சக்கரத்தில் ஒரு கையை வைத்து, தலையைக் கொஞ்சம் சாய்த்து, போட்டோக்காரர் பக்கம் சிரித்தாள். அதில் அவளை மிஞ்ச ஆளில்லை. பஸ் ஸ்டாண்டு ஃபிளெக்ஸிலும் அலுவலக வாசல் போர்டிலும் அவள் படம்தான். பட்டாசுச் செட்டில் பெண்கள் முத்துப்பேச்சியிடம், “ஒம் மக பெரிய மெசினெல்லாம் ஓட்டுறாளாமே” என்பார்கள். முத்துப்பேச்சிக்குச் சாம்பல் கையால் முகத்தைத் துடைத்துக்கொள்ள வேண்டியிருக்கும். சந்தோஷத்தில் வந்த கண்ணீர்தான்.

செய்முறைத் தேர்வு வந்தது. சேசுராஜ் சிவகாசியில் மெர்வின் என்பவரின் பட்டறைக்குப் போய், மாதிரிக்கு என்று சொல்லி, கடைந்த சாஃப்ட் ஒன்று வாங்கிவந்தார். வழுவழுவென்ற இரும்புத் தண்டு. அச்சு மெஷினுக்குப் போடுவது. பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து அந்த ஒரே சாஃப்ட்டைத் தேர்வாளரிடம் நீட்டி, “நான் கடைந்தது சார்” என்றார்கள். தேர்வாளர் ஒவ்வொரு முறையும் அதை ஸ்கேலால் அளந்து மார்க் போட்டார். சிலருக்கு அளவு கொஞ்சம் தப்பியிருந்ததாம், மார்க்கைக் குறைத்தார். அழகுமீனா கொண்டுவந்தபோது மட்டும் அளவு மயிரிழை பிசகாமல் இருந்தது. அவளுக்கு முழு மார்க். ‘நிபுணர் நிலை’ என்று சான்றிதழும் வந்தது. நாலு கலரில் தங்க ஓரம் போட்டுப் பிரமாதமாக அச்சடித்திருந்தார்கள். அச்சில் நம் ஊரை அடிக்க முடியுமா?

முத்துப்பேச்சி மகளைக் கூட்டிக்கொண்டு மெர்வின் பட்டறைக்குப் போனாள். மெர்வின் தன் பட்டறைக்கு ஒரு ஆள் தேடிக்கொண்டிருந்தார். சாஃப்ட் ஒன்று கடைந்து காட்டினால் போதும், உடனே வேலை என்று சொல்லியிருந்தார். முத்துப்பேச்சிக்கு அந்த இடம் பிடித்துப்போனது. எண்ணெய் நாற்றம் அடித்தது, சுருள் சுருளாக இரும்புத் தூள் காலில் குத்தியது. ஆனால் எதுவும் வெடிக்காது.

“இங்கன வாம்மா” என்று மெர்வின் அழகுமீனாவை ஒரு லேத்துக்கு முன்னால் நிறுத்தினார். “பொருளை மாட்டியாச்சு. ஆரம்பி.”

 உறையில்லாத லேத்தை அவள் திறப்பு விழாக்களில் மட்டும்தான் பார்த்திருக்கிறாள். பக்கத்து லேத்தில் ஒருவர் கடைந்துகொண்டிருந்தார். இரும்பு நிஜமாகவே சுற்றியது, நிஜமாகவே இரைந்தது. அவள் துப்பட்டாவைச் சரிசெய்தாள். கண்ணாடியை மாட்டினாள். கைச்சக்கரத்தில் ஒரு கையை வைத்தாள். தலையைச் சாய்த்தாள். சிரித்தாள். அப்படியே நின்றாள்.

 மெர்வினுக்கு ஒன்றும் புரியவில்லை.

“என்னம்மா? ஆரம்பி.”

“யாரு சார் திறந்து வைக்கிறது?” என்று அழகுமீனா கேட்டாள்.

பக்கத்து லேத்துக்காரர் மெஷினை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார். அழகுமீனாவுக்கு அப்போதுதான் தான் என்ன கேட்டோம் என்பது உறைத்தது. கையை எடுத்தாள். சிரித்த முகம் அப்படியே அழுகையாக மாறியது.

மெர்வின் சிரிக்கவில்லை. சான்றிதழை வாங்கிப் பார்த்தார். பிறகு முத்துப்பேச்சியிடம் திரும்பினார்.

“அக்கா, ஒண்ணும் தெரியாத பிள்ளைன்னா நான் பயிலுநரா வச்சுக்கிடுவேன். ஒரு வருசம் கத்துக் குடுக்க அரசாங்கத்துலயே திட்டம் இருக்கு. ஆனா உங்க பிள்ளை நிபுணராமே. அவ ஆதார் நம்பரைப் போட்டா நிபுணர்னுதான் வரும். நிபுணரைப் பயிலுநரா சேக்க அந்தக் கம்ப்யூட்டர் ஒத்துக்கிடாது.”

“சும்மாவாச்சும் வச்சுக்கோங்க தம்பி. கூட்டிப் பெருக்கட்டும், பாத்துப் பழகட்டும்.”

“நிபுணர்னு எழுதியிருக்கிற பிள்ளை இங்கன மெஷினுக்குள்ள கையைக் குடுத்துட்டா நான் என்னக்கா பதில் சொல்லுவேன்? அவளுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு பள்ளிக்கூடத்துல ஒரு வரி எழுதி வாங்கியாங்க. அன்னைக்கே சேத்துக்கிடுறேன். இந்த இடத்தைக் கொஞ்சநாள் காலியா வைக்கிறேன்.”

இவ்வளவுதானே என்று முத்துப்பேச்சி நினைத்தாள். பத்து ரூபாய் பஸ் செலவில் முடிகிற வேலை. மறுநாளே தலைமையாசிரியர் அறைக்குப் போனாள். நல்லவேளையாக மணிமுத்துவும் அங்கேதான் இருந்தார், மாநிலத் திறப்புக்கு ஏற்பாடு பேச வந்தவர்.

“சார், எம் மகளுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு ஒரு எழுத்து வேணும்.”

சிவபாண்டி நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். “என்ன தலைவரம்மா, நீங்களே இப்படிப் பேசலாமா? அவ நிபுணர்!”

“லேத்தை ஓட விட்டதே இல்லையே சார். நீங்கதான பாத்தீக?”

“ஓட விடாததால்தான் ஒரு விபத்துகூட நடக்கவில்லை” என்றார் மணிமுத்து பொறுமையாக. மேடை இல்லாவிட்டாலும் அவருக்கு மேடைத் தமிழ்தான் வரும். “அம்மா, கொஞ்சம் யோசியுங்கள். எங்கள் அலுவலகத்தில் தெரியும் என்று எழுத ஒரு கட்டம் இருக்கிறது. நன்றாகத் தெரியும் என்று எழுத ஒரு கட்டம் இருக்கிறது. தெரியாது என்பதற்குக் கட்டமே கிடையாது. உங்கள் மகள் ஒருத்திக்குத் தெரியாது என்று எழுதினால் மற்றவர்களுக்கு மட்டும் எப்படித் தெரிந்தது என்று கேட்பார்கள். பிறகு எனக்கு என்ன தெரியும் என்று கேட்பார்கள். அந்தக் கேள்வி எங்கே போய் முடியும் என்று நினைத்தாலே எனக்குத் தூக்கம் வராது.”

“அவளுக்கு வேலை போயிருமே அய்யா.”

“போகாதே! உங்கள் கம்பெனியிலேயே சேர்த்துவிடுங்கள். பட்டாசும் உற்பத்திதானே? ‘உற்பத்தித் துறையில் பணியமர்வு’ என்று நாங்கள் எழுதிக்கொள்கிறோம். உங்களுக்கும் நல்லது, எங்களுக்கும் நூற்றுக்கு நூறு.”

முத்துப்பேச்சி அவர் முகத்தைப் பார்த்தாள். கேலி செய்கிறாரோ என்று பார்த்தாள். இல்லை. மனதாரச் சொல்கிறார், தாகத்துக்கு மோர் கொடுக்கிற மாதிரி.  வெளியே வந்து வேப்பங்கன்றுக்கு அடியில் துப்பினாள். அப்போதுதான் அதில் கட்டியிருந்த கறுப்பு வயரைப் பார்த்தாள். அது எங்கிருந்து வருகிறது என்று கண்ணால் பின்தொடர்ந்து போய், சுவர் ஓட்டையில் நின்றாள்.

உள்ளே சேசுராஜ் தன் எண்ணெய்க் குடுவையைப் பையில் வைத்துக்கொண்டிருந்தார்.

“நான் போறேம்மா” என்றார், அவள் முகத்தைப் பார்க்காமல். “ஒப்பந்தம் முடியப் போவுது. இனிமே இங்கன இருந்தா எனக்கே லேத் ஓட்ட மறந்துரும்.”

எங்கே போகிறார் என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

அன்று ராத்திரிச் சாப்பாட்டின்போது முத்துப்பேச்சிக்கு ஒரு யோசனை வந்தது. எழுதித்தானே தர மாட்டார்கள்? மாநிலத் திறப்பு விழாவில் எல்லாருக்கும் முன்னால் மைக்கில் சொல்லிவிட்டால்? பெரிய அதிகாரி காதில் விழுந்தால் சான்றிதழை ரத்து செய்துதானே ஆக வேண்டும்?

“எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு சொல்லிருவியா?” என்றாள் மகளிடம்.

“சொல்லுவேம்மா. அது ஒண்ணுதான எனக்கு நல்லாத் தெரியும்” என்றாள் அழகுமீனா.

மாநிலத் திறப்புக்குச் சென்னையிலிருந்து துறை இயக்குநர் வந்தார். பந்தல், செண்டை மேளம், வழிநெடுக வாண வேடிக்கை. பட்டாசுக்குத்தான் பஞ்சமில்லையே. ரிப்பன் வெட்டி, உறை நீக்கி, மாலை போட்டு முடிந்ததும், நிபுணர் நிலை மாணவி அனுபவத்தைச் சொல்லுவாள் என்று அறிவித்தார்கள். அழகுமீனா தட்டைக் கீழே வைத்துவிட்டு மைக்குக்கு வந்தாள்.  சொல்லிவிட்டாள்.

“எனக்கு இந்த மெஷினை ஓட்டத் தெரியாது. ஒரு நாளும் ஓட்டினது இல்ல. கம்ப்யூட்டர்ல வரையவும் தெரியாது. என் சான்றிதழை ரத்து பண்ணிருங்க.”

 சிவபாண்டி கண்ணை மூடிக்கொண்டார். மணிமுத்து பேனாக்களைத் தடவிக்கொண்டார்.  முதல் தடவையாக அந்த மேடையில் உண்மை பேசப்பட்டிருந்தது. என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியவில்லை.

இயக்குநர் எழுந்தார். அவருக்குக் கண் கலங்கியிருந்தது.

“என் பணிக்காலத்தில் எத்தனையோ மாணவர்களைப் பார்த்திருக்கிறேன். எல்லோரும் தெரியும், தெரியும் என்பார்கள். இந்தக் குழந்தை நிபுணர் நிலை பெற்ற பிறகும் தெரியாது என்கிறது. சான்றிதழே வேண்டாம் என்கிறது. இந்த அடக்கத்தை எந்தப் பாடத்திட்டம் கற்றுக்கொடுக்கும்? நம் பாடத்திட்டம் கற்றுக்கொடுத்திருக்கிறது!”

பந்தல் அதிர்ந்தது. முத்துப்பேச்சி பதறி எழுந்து மைக்கைப் பிடித்தாள். பதவிக்கு வந்து அவள் மைக்கைத் தொட்டது அன்றுதான்.

“அய்யா, அடக்கமெல்லாம் இல்லைங்கய்யா! நெசமாவே அவளுக்குத் தெரியாது! அந்த வயரைப் பாருங்கய்யா, மரத்துல கட்டிப் போட்டிருக்காக!”

“தாயைப் போலப் பிள்ளை!” என்றார் இயக்குநர். முத்துப்பேச்சிக்கு இன்னொரு பொன்னாடை போர்த்தினார்கள்.

வயரைப் பார்க்கவும் செய்தார்கள். மின்சாரத்தையும் மரத்தையும் இணைத்துப் பசுமையைப் பேணும் முயற்சி என்று சிவபாண்டி விளக்கம் சொன்னார். வேப்பங்கன்றோடு ஒரு போட்டோ எடுத்துக்கொண்டார்கள். நான் இதைக் கூட்டிச் சொல்கிறேன் என்று நினைத்தால், தாராளமாக நினைத்துக்கொள்ளுங்கள். இப்படிப்பட்ட போட்டோவில் நின்ற யாரும் அப்படி நினைக்க மாட்டார்கள்.

இயக்குநர் காரில் ஏறும்போது சிவபாண்டி காதோடு ஒரு சங்கதி சொன்னார். தொழிற்பிரிவுப் பயிற்றுநர் இடம் காலி. சேசுராஜ் போய்விட்டார். இயக்குநர் அங்கேயே, காரின் கதவைத் திறந்து வைத்தபடியே ஆணையிட்டார்.

“அந்தக் குழந்தையையே போடுங்கள்.”

அடுத்த வாரம் முத்துப்பேச்சி மெர்வின் பட்டறைக்கு ஒருமுறை போனாள். கையில் எழுத்து இல்லை. ஆனாலும் கெஞ்சிப் பார்க்கலாம் என்று போனாள். காலியாக வைத்திருந்த லேத்தில் சேசுராஜ் நின்று சாஃப்ட் கடைந்துகொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டார். அவர்மேல் அவளுக்குக் கோபம் வரவில்லை. அவருக்கு ஓட்டத் தெரியும், ஓட்டுகிறார். அதில் என்ன தப்பு?

ஆணை வந்தது. அழகுமீனா பயிற்றுநர் ஆனாள். பட்டாசுச் செட்டு வாசலில் அவள் கால் வைக்க வேண்டியதில்லை. முத்துப்பேச்சி கேட்டது கிடைத்துவிட்டது. செட்டில் பெண்கள் மிட்டாய் கேட்டார்கள். வாங்கிக் கொடுத்தாள். சாம்பல் கையால் எடுத்து எல்லோர் வாயிலும் போட்டாள். தன் வாயில் மட்டும் போட்டுக்கொள்ளவில்லை.

ஜூன் மாதம் புதிய பதினோராம் வகுப்பு சேர்ந்தது. புதுப் பிள்ளைகளுக்காக லேத்தை மறுபடி திறந்துவைக்க வேண்டும் என்று ஏற்பாடு. இந்த முறை யாரும் பெரியவர்கள் கிடைக்கவில்லை. மேலாண்மைக் குழுத் தலைவரே திறக்கட்டும் என்றார் சிவபாண்டி. முத்துப்பேச்சி போனாள். பழைய சத்துணவுக் கூடத்துக்குள் அழகுமீனா நீலக் கோட்டில் நின்றாள். அவளுக்கு முன்னால் காரியாபட்டிப் பக்கத்திலிருந்து வந்து சேர்ந்திருந்த ஜாஸ்பின் என்ற ஒல்லிப் பெண், தட்டில் கத்தரிக்கோலோடு நின்றாள்.

முத்துப்பேச்சி கத்தரிக்கோலை எடுத்தாள். ரிப்பனை வெட்டவில்லை. நேரே போய்ப் பிளாஸ்டிக் உறையை மேலிருந்து கீழ்வரை கிழித்துவிட்டாள். இனிமேல் இதைப் போட்டு மூடக் கூடாது என்றுதான். உள்ளே இரண்டு வருஷத்துப் பாலும் இளநீரும் சந்தனமும் சேர்ந்து லேத்தைச் செம்மண் குவியலாக்கி வைத்திருந்தன. அவள் கைச்சக்கரத்தைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். இரண்டு கையாலும் பிடித்து, காலை ஊன்றி, மூச்சைப் பிடித்துத் திருப்பினாள். அசையவில்லை. கையெல்லாம் துரு ஒட்டியது. சில்வர் பவுடருக்கு மேல் சிவப்பாகத் துரு.

“புது உறை வாங்கணும்” என்று சிவபாண்டி பின்னால் யாரிடமோ சொன்னார்.

ஜாஸ்பின் துருவைப் பார்த்தாள். பிறகு பயிற்றுநரைப் பார்த்தாள்.

“டீச்சர், இது எப்ப ஓடும்?”

முத்துப்பேச்சி மகளையே பார்த்துக்கொண்டு நின்றாள். தெரியாதுன்னு சொல்லு. அந்தப் பந்தலில் சொன்ன மாதிரி இந்த ஒரு பிள்ளையிடம் மட்டுமாவது சொல்லு. அழகுமீனா அம்மாவைப் பார்க்கவில்லை.

“ஓடும்மா. ஓடாம எங்க போயிரும்?” என்றாள்.

பிறகு ஜாஸ்பினின் முகவாயைப் பிடித்து, போட்டோக்காரர் பக்கமாகக் கொஞ்சம் சாய்த்துவிட்டாள்.